ஐந்தாம் கால்

கார்மன்ட்ஸ் பஸ் ஒட்டுசுட்டானில் எடுக்கும்போது
நாலே முக்கால். வெளியே ஒன்றும் தெரியாது.
தெரியாததைக் கீறுவது எனக்குச் சுகம்.
பஸ்ஸின் நீல லைட், நாற்பது பக்கக் கொப்பி,
மடியில் சாப்பாட்டுப் பெட்டிதான் மேசை.

அன்றைக்கு எருமை.
முதுகு ஒரே இழுவையில் வந்தது,
கொம்பு வந்தது, நாலு கால் வந்தது.
கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்ட, பாலம் திருத்துகிற இடத்தில்
பஸ் விழுந்தெழும்ப
வயிற்றுக்குக் கீழே இன்னொன்று வந்தது.

அழிறப்பரை எடுத்தேன். வைத்தேன்.
அது நின்ற விதம் அப்படி:
மற்ற நாலும் வீதியைப் பார்க்க
அது மட்டும் குளத்தைப் பார்த்து.

எனக்கு வலக்கை லைன்.
ஒரு நாளைக்கு எண்ணூறு வலக்கை தைக்கிறேன்,
எந்தச் சட்டைக்கும் கூடுதலாய் ஒரு கை கிடையாது.

இடைவேளையில், லேபல் வந்த மட்டைகளின் பின்பக்கம்
தீப்பெட்டி அளவில் கட்டம் கட்டமாய்க் கீறினேன்.
ஐந்தாம் காலால் பந்தடிக்கிற எருமை. சரிவரவில்லை.
ஐந்தாம் காலுக்குச் செருப்புத் தேடுகிற எருமை,
சந்தையில் செருப்பெல்லாம் சோடியாய்.
இது கொஞ்சம் மூச்சு விட்டது.
பிறகு,
நாலு கால் வயலுக்கு இழுக்க
ஒரு கால் தாமரைக்கு இழுக்க
நடுவில் வயிறு நீண்டு நீண்டு
இரண்டு பக்கம் பிடித்து, தாளைத் திருப்பினால்
மூன்றாவது பக்கத்திலும் வயிறு.
நானே சிரித்துவிட்டேன்.
சூப்பர்வைசர் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் யோகமலர் எட்டிப் பார்த்தாள்.
முழங்காலுக்குக் கீழே கழற்றிய காலை
சீற்றுக்கடியில் சாய்த்து வைத்திருந்தாள்,
பின்னேர வெக்கைக்கு அது கடிக்கும்.
"கூடிப்போச்செண்டால் இஞ்சால தா," என்றாள்.
பகிடிதான். பின் சீற்றும் சிரித்தது.

மூன்று நாள் கொப்பி திறக்கவில்லை.
நாலாம் நாள், எருமை தன் காலைக் கழற்றி
ஒருத்திக்குக் கொடுப்பதாய்க் கீறினேன்.
அழகான படம். அதுதான் பிழை.
எருமையின் முகத்தில்
கோயிலுக்கு ரியூப்லைட் வாங்கிக் கொடுத்து
அதிலே பேரும் எழுதினவரின் முகம்.
யோகமலர் கன நேரம் பார்த்தாள்.
"எருமைக்கால் எனக்கேன்? நாறும்.
அது தாமரை பறிச்சுதோ இல்லையோ,
அதைச் சொல்லு முதல்."

எனக்குத் தெரியாது.
பன்னிரண்டாம் பக்கம் வெறுமை.
வயிறு நீண்டபடியே நிற்கிறது,
குளம்பு தண்ணீருக்கு ஒரு விரலிடை மேலே.

பாலத்தடி வருகிறது.
பென்சிலைத் தளர்த்திப் பிடிக்கிறேன்.