சுவாசம்: பூஜ்யம்

கோட்டு அலமாரிக்குள் சம்மணமிட்டு
என் குரலைப் பதிவு செய்தேன்.
எதிரொலி இல்லாத இடம் தேடு என்றது மூன்றாம் வாரப் பாடம்.
வீட்டில் அது இங்கேதான்: கணவனின் கம்பளிக் கோட்டு,
மகனின் ஹாக்கி மூட்டை, அதன் வியர்வை நாற்றம்.
தெருவில் பனிவாரும் வண்டி கடக்கும்வரை காத்திருந்து
"நான் மார்லிஸ் கோஸ்கி" என்றேன்.
திருப்பிக் கேட்டால்
யாரோ ஒருத்தி
என் பெயரைச் சொல்லிப் புளுகிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தாறு வயது.
சுப்பீரியர் ஏரிக்கரை மருத்துவமனையில் இரவுச் செவிலி.
முதுகலை முடித்தால் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றுவார்கள்,
பகல் வேலை, முழங்காலுக்கு நல்லது.
வேறு லட்சியம் எதுவும் இல்லை.
கை கழுவுவது எப்படி என்று
புதியவர்களுக்கு ஒரு படம் எடுக்கத் தெரிந்தால் போதும்.

வகுப்பில் பதினொரு பேர், பதினொரு சதுரங்கள்.
அதில் மூன்று எப்போதும் கறுப்பு.
அலாஸ்காக்காரர் ஒருவர் மைக்கைத் திறக்காமலே
கால்மணி நேரம் பேசினார்.
நாங்கள் தலையாட்டினோம்.

ஒரு ஞாயிறு, மேசையை ஒழுங்குசெய்வதுபோல்
கோப்புறையைத் தூக்கி வேறிடம் வைத்தேன்.
அத்தனை காட்சியும் சிவப்புக் கட்டமாயின: ஊடகம் இல்லை.
இரவு இரண்டு மணிக்குத்தான் புரிந்தது,
இந்த மென்பொருளுக்குள் படம் எதுவுமே கிடையாது.
படம் இருக்கும் இடத்தின் விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு
தன்னுடையதுபோல் காட்டிக்கொண்டிருக்கிறது.
(அப்படிச் சில மனிதர்களையும் எனக்குத் தெரியும்.)

இறுதிப் படைப்பு: மூன்று நிமிடம், ஒரு மனிதர், ஒரு வேலை.
கால்வாயின் தூக்குப்பாலத்தை இயக்கும்
ஜோலீன் ஹவுடாலாவைப் பிடித்தேன்.
கண்ணாடிக் கூண்டு, ஹீட்டர், ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை.
கப்பல் வந்தால் ஊரை இரண்டாக்குபவள்.
போன செப்டம்பரைப் பற்றிச் சொன்னாள்:
"ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது.
கப்பல் பாதி நுழைந்துவிட்டது.
இறக்க முடியாது."
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "ஒன்பது நிமிஷம்" என்றாள்.

அன்று இக்கரையில்
ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றவள் நான்.
அது அவளுக்குத் தெரியாது. படத்திலும் இல்லை.

பதினான்கு நிமிடப் பேச்சு மூன்றாக வேண்டும்.
'வந்து', 'அதாவது', தொண்டைச் செருமல்,
வாக்கியத்துக்கு முன்னால் வரும் காற்று,
எல்லாவற்றையும் பேன் பார்ப்பதுபோல் தேடி நசுக்கினேன்.
ஒரு கண்ணிமைப்புக்கு எட்டுச் சட்டகம் என்பது
விரலுக்கே மனப்பாடம்.
வெட்டிய தழும்பு தெரியாமல்
பாலம் எழும்பும் காட்சியை மேலே போர்த்தினேன்.
இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. கச்சிதம்.
வரைவைப் பார்த்த பேராசிரியையும்
பச்சை எழுத்தில் அதையே குறித்திருந்தார்.

அனுப்புமுன் ஒருமுறை ஓட்டினேன்.
மணிக்கட்டு தன் பாட்டுக்குத் திரும்பிக் கடிகாரத்தைக் காட்டியது.
இருபது வருடப் பழக்கம்,
யார் வாயைத் திறந்தாலும் காது எண்ணத் தொடங்கிவிடும்.
ஜோலீன் பேசிக்கொண்டே இருந்தாள்.
மூச்சுவிடாமல் பேசினாள் என்று சும்மா சொல்வோமே,
அது இல்லை இது.
ஒரு நிமிடம் முழுதாய் எண்ணினேன்.
பூஜ்யம்.
வார்டாக இருந்தால் மணியை அடித்திருப்பேன்.

ஒவ்வொன்றாய்த் திரும்ப வைத்தேன்.
நாற்பத்தொரு மூச்சு.
கடைசியாக அந்த நான்கு நொடி,
'இறக்க முடியாது'வுக்கும் 'ஒன்பது நிமிஷ'த்துக்கும் நடுவில்.
அதில் ஹீட்டரின் உறுமலைத் தவிர ஒன்றுமில்லை.
நீளம் மூன்று நிமிடம் முப்பத்தேழு.
கால மீறல், ஐந்து மதிப்பெண் கழிவு.
போகட்டும்.

ஜோலீனுக்கும் அனுப்பிவைத்தேன்.
கூண்டிலிருந்தே பதில் வந்தது:
"என் குரல் இவ்வளவு கட்டையா?
அப்புறம் நடுவில் அந்த ஹீட்டர் சத்தம்,
அதை எடுத்திருக்கலாமே."

"எடுக்கத் தெரியும்" என்று தட்டினேன்.
அழித்தேன்.
"அன்று ராத்திரி நான் வாசலில்" என்று தட்டினேன்.