கடைமடை

வாய்க்காலுக்கு மாவட்டம் தெரியாது.
பவானிசாகரில் கதவைத் தூக்கினால்
தாமதமாகத்தான் என்றாலும் எங்கள் மதகுக்கு வந்துவிடும்,
ஒற்றைச் செருப்பும் நுரையும் சுமந்துகொண்டு.
பச்சைப் பலகையைத் தாண்டும்போது
அதனிடம் யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை.

வேன் அப்படியில்லை.
பலகைக்கு அந்தப் பக்கம் கடைசி வீடு மரகதத்துடையது.
அவள் மகளை ஏற்றிக்கொண்டு
பின்சக்கரம் எங்கள் மாவட்டத்து மண்ணில் படாமல்
ரிவர்ஸ் எடுத்துப் போய்விடும்.

தம்பி குழந்தைவேலு. வயது முப்பத்தேழு.
பேரில்தானுங்க குழந்தை என்று
எத்தனை மேசைகளில் சொல்லியிருப்பேன்.
பதினெட்டு வரைக்கும் பள்ளி இருந்தது.
பத்தொன்பதாம் வயதின் முதல் காலையில்
பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவனிடம்
என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
மூன்று மாதம் நின்றான்.

இப்போது பலகையடியில் நிற்கிறான், தினமும் எட்டே முக்காலுக்கு.
ஜன்னலில் இருப்பவர்களுக்குக் கை காட்டுவான்.
டிரைவர் ரபீக் ரெண்டு ஹாரன் அடிப்பார், அவனுக்கென்று.
அப்புறம் நான் அவனைத் தேங்காய்க் களத்துக்குக் கூட்டிப் போவேன்.
பருப்பு காயும் வரை காக்காய் ஓட்டுவான்.
மேனேஜருக்குச் சம்மதம்தான்.
கூலிப் புத்தகத்தில் அவன் பேர் இல்லை.

மரகதத்தின் மகள் காகித உறை ஒட்டக் கற்றுக்கொண்டாள்.
பேச்சுக்கு ஒரு டீச்சர் வருகிறாராம்.
மதியம் முட்டை.
போன மாசம் என்னைப் பார்த்து
"அக்கா" என்றாள், முழுசாக.
சந்தோஷமாகத்தான் இருந்தது.
வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டுவிட்டு
தொட்டி நிரம்பி வழிந்தும் நிறுத்தாமல் நின்றேன்.

திங்கட்கிழமை மனு. ஏழாவது.
"அங்க தனி ஒதுக்கீடு இருக்குதுங்கம்மா,
இங்க ஒதுக்கல. ஒரு ஊடு பாத்து
அந்தப் பக்கமே போயிருங்களேன்" என்றார்,
நெம்ப நல்ல மனுசர்.
எழுதிக் கேட்டதில் கணக்கு வந்தது:
அந்தப் பக்கம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு நூற்று நாற்பது.
இந்தப் பக்கம் பதினொன்று.
எங்கள் ஊரில் டீ பன்னிரண்டு ரூபாய்.

ஆவணியில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை.
மேல்மதகில் திருட்டு என்றார்கள், முறை தப்பியது என்றார்கள்.
நானூறு பேர் சாலையில் உட்கார்ந்தார்கள், பலகைக்கு அந்தப் பக்கம்,
காலிக் குடமும் கருகிய கடலைச் செடியுமாக.
எனக்கும் அரை ஏக்கர் கடலை. நானும் உட்கார்ந்தேன்.
தம்பி என் பக்கத்தில், யாரோ கொடுத்த கொடியோடு.
ஒருவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை
இதே ரோட்டில் அவனுக்காகவும் உட்காரலாமென்று.

பொழுதோட திரும்பிய வேன் கூட்டத்துக்குள் சிக்கியது.
போலீஸ்காரர் கையை வீசினார்: சுத்திப் போ.
ரபீக் ஸ்டியரிங்கை ஒடித்தார்.
பலகையைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு,
எங்கள் ரேஷன் கடைப் புளியமரத்தடியில் வந்து நின்றது.
"நம்மூருக்கு வண்டி! நம்மூருக்கு வண்டி!"
கொடியைப் போட்டுவிட்டு ஓடினான் தம்பி.
ஒன்பது பேர் இறங்கினார்கள்.
ஒருத்தர் எடைத்தட்டில் உட்கார்ந்துகொண்டார்.
மரகதத்தின் மகள் அவனுக்கு உறை மடிக்கக் காட்டினாள்,
அரிசி பில்லை வைத்து. மூன்றாவது நேராக வந்தது.
ரெண்டு மணி நேரம்
எங்கள் மாவட்டத்திலும் ஒரு மையம் நடந்தது.
செலவு பன்னிரண்டு டீ. கடைக்காரர் ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை.

நாலாம் நாள் தண்ணீர் வந்தது. அதிகாரியே வந்து பார்த்தார்.

தம்பி இப்போது பலகைக்கு வர மாட்டேனென்கிறான்.
எட்டே முக்காலுக்கு
ரேஷன் கடைப் புளியமரத்தடியில் நிற்கிறான்,
சட்டைப்பையில் மடித்த உறை.
தூரத்தில் ஹாரன் ரெண்டு தடவை கேட்கிறது.
"வருதக்கா" என்கிறான்.
களத்துக்கு நேரமாகிறது.
நானும் நிற்கிறேன்.