வலது டக், இடது டக்

ஷுவைக் சனையாவில் ஜூன் மாதம்
காலை ஆறரைக்கே இரும்பு சுடும்.
மூன்றாம் நம்பர் லிஃப்டின் பட்டனை அழுத்தினால்
டக் டக் டக் என்று ஏறும் வண்டி.
இரண்டு தூண், இரண்டு பூட்டு;
சேர்ந்து விழுந்தால் ஒரே சத்தம்.
மாசியிலிருந்து எங்களுக்கு இரண்டு கேட்கிறது.
வலது டக்.
ஒரு மூச்சு.
இடது டக்.

ஃபோர்மேன் பினோஜிடம் சொன்னேன்.
"ஸ்டிக்கர் பச்சையல்லே" என்றான்.
பச்சைதான்.
தேதி மட்டும் போன அக்டோபரில் நின்றுவிட்டது;
அதன் மேல் யாருடையதோ கிரீஸ் விரல்
வசதியாகப் பதிந்திருக்கிறது.

பயம் முதல் வாரம்தான்.
இரண்டாம் வாரம் அது தாளம்.
மூன்றாம் வாரம்
அந்தத் தாளத்துக்கே நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டே முக்கால் டன் பாட்ரோலுக்குக் கீழே
எண்ணெய்ச் சட்டியை ஏந்தி
வரம் கேட்பவன்போல் அண்ணாந்து நிற்கையில்
ஆளுக்குத் தன் உயரம் துல்லியமாகத் தெரியும்:
ஐந்தடி ஆறங்குலம்,
அதற்கு மேல் இரும்பு.

நேற்று வந்தார் இன்ஸ்பெக்டர் ரோமெல்,
மஞ்சள் தொப்பி, டார்ச், காம்பு வைத்த சின்னக் கண்ணாடி.
டீ வேண்டாம் என்றார்.
முதலாளி அபு நாசர் நீட்டிய பேரீச்சம்பழமும் வேண்டாம்.
தூணின் மூடியைக் கழற்றி
கம்பிவடத்தைத் துணியால் உருவிக்கொண்டே போனார்.
ஓரிடத்தில் துணி சிக்கியது.
ஏழு இழை அறுந்து
மீசை முறுக்கி நின்றது அங்கே.
இடது பூட்டின் நாக்கோ
பாதி கடித்து, பாதி நழுவி.

"எத்தனை நாளாக?" என்று என்னைக் கேட்டார்.
பினோஜ் தரையைப் பார்த்தான்.
மாசிக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது.
நான்கு விரலைக் காட்டினேன்.

சிவப்பு ஸ்டிக்கர்.
மெயின் சுவிட்சுக்குப் பூட்டு.
சாவி அவர் பையில், பை அவரோடு ஃபஹாஹீலுக்கு.
பாட்ரோல் மேலேயே நிற்கிறது,
அடியில் நான்கு ஸ்டாண்டு முட்டு,
சுற்றிலும் கறுப்பு மஞ்சள் நாடா,
சுப காரியம் மாதிரி.

"என் வண்டி எங்கே?" என்று போன்.
"மேலே" என்கிறான் பினோஜ்.
"மேலே என்றால்?"
"மேலேதான் சார்."

புது வடம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.
அபு நாசர் கால்குலேட்டரைத் தட்டுகிறார்:
ஒரு நாளைக்கு எண்பது தினார் நஷ்டம்.
எனக்கும் ஒரு கணக்கு வருகிறது.
நான்கு மாதம், நாளுக்கு ஆறு வண்டி:
அறுநூற்றுச் சொச்சம் தடவை
உள்ளே போய் வெளியே வந்திருக்கிறேன்.
இதைத் தட்டிப் பார்க்க
யாரும் கால்குலேட்டர் தரவில்லை.

இன்று தரையில் அட்டை விரித்து
கொரோலாவின் அடியில் மல்லாந்து கிடந்தேன்.
மூக்கிலிருந்து நான்கு அங்குலத்தில் சைலன்சர்,
காதுக்குள் எண்ணெய்.
"கடற்கரையா?" என்று சிரித்தான்
பெயிண்டர் குல்சமான்.
முதுகு என்னைத் திட்டியது.
திட்டட்டும்,
திட்டுவதற்கு அது இருக்கிறது.

இரவு, மாடி அறையில்
ஏசி நின்று, திரும்ப ஓடத் தொடங்குகையில்
டக் என்கிறது.
விழித்துக் கிடக்கிறேன்,
இன்னொன்றுக்காக.