உள்வழி

முப்பத்தொன்று புள்ளி ஆறு.
வெர்னியர் வைத்துப் பார்த்தேன்,
புதுக் காலும் சீட் குழாயும் ஒரே அளவு.
அதற்குமேல் எதுவும் சரியாக வரவில்லை.

மஞ்சக்குப்பத்தில், மாடிப்படி திரும்புகிற இடத்தில்
சுவரோடு சைக்கிளைச் சாய்த்து
கிராங்கைக் கழற்றினேன்.
அடிக்குழியைத் திறந்ததும்
கேப்பர் மலைச் செம்மண் ஒரு கரண்டி
போன ஐப்பசியின் ஈரத்தோடு
என் நைட்டியில் கொட்டியது.

கேபிள் வெளியே தெரியக்கூடாது, அதுதான் இதன் அழகாம்.
கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கிளம்பி
கழுத்தோரத் துளையில் நுழைந்து
அடிவயிற்றில் திரும்பி
மறுபடி மேலேறி
இருக்கையின் பாதத்தைப் போய்ப் பிடிக்க வேண்டும்.
எல்லாம் இருட்டில்.

வார்டில் மூக்குக்குழாய் இறக்கும்போது சொல்வேன்:
எச்சில முழுங்குங்க, இன்னொரு வாட்டி,
அவ்ளோதான், அவ்ளோதான்.
முழுங்குவார்கள். குழாய் இறங்கும்.
இந்த அலுமினியத்துக்குத் தொண்டை இருக்கிறது
முழுங்கத்தான் தெரியவில்லை.

முதுநகரில் வாங்கிய தங்கூசி, முனையில் பஞ்சு.
ஊதினேன். தட்டினேன். ஆட்டினேன்.
ஸ்பேனர் நாலு படி உருண்டது.

கீழ்வீட்டு தேவநாதன் ஏறி வந்தார்.
கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்.
படியில் சைக்கிள் வைக்காதே என்று
இதுவரை மூன்று சீட்டு ஒட்டியவர்,
மூன்றிலும் தேதி, மூன்றிலும் கையெழுத்து.
"என்னம்மா சத்தம்?"
என்ன சத்தமென்று காட்டினேன்.
ஒரு கண்ணை மூடித் துளைக்குள் பார்த்தார்.
"உறிஞ்சினா வராதா?"

தவணையில் வாங்கி
தூசியைவிடச் சத்தம் அதிகமென்று
பரணில் போட்டிருந்த வாக்குவம் கிளீனர் வந்தது.
அடிக்குழியைத் துணியால் அடைத்தேன்.
மேல்வாயில் அவர் குழலை அமுக்கினார்.
என் விரலிடுக்கில் நரம்பு
விர்ரென்று ஓடியது பாருங்கள்,
அந்தப் பக்கம் வஞ்சிரம் கடித்த மாதிரி.

நரம்பில் அவுட்டரைக் கட்டி இழுத்தோம்.
திருப்பத்தில் முடிச்சு அவிழ்ந்தது.
மறுபடி உறிஞ்சல். மறுபடி முடிச்சு,
இந்தமுறை அவர் போட்டது,
வழக்குக்கட்டு கட்டுகிற முடிச்சு.
அது அவிழவில்லை.

வெட்டப் போனேன்.
"அரையடி விட்டு வெட்டு.
வெட்டினது வளராது."

பிறகு நான் இருக்கையைக் கீழே தள்ள
அவர் முன்னால் மிச்சத்தை இழுக்க,
இருவருக்கும் நடுவே நாங்கள் பார்க்காத ஒன்று நகர,
"இழுங்க."
"இழுக்கிறேன்."
"போதும், போதும்."
"நாயகி, நிறுத்து, மடங்குது."
என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது
எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இது எதுக்கு?"
"எறக்கத்துல சீட்டு கீழ போயிடும்."
"அப்ப எங்க உக்காருவ?"
"உக்கார மாட்டேன்."
அதை அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"கடலூர்ல எறக்கம் ஏது?"
"ஜெயிலுக்குப் பின்னாடி."
"அங்க எத்தனையோ வாட்டி தபாலோட போயிருக்கேன்.
முன்வாசல்தான் பாத்திருக்கேன்."

லீவரை நான் அழுத்த
உள்ளங்கையால் சீட்டை அமுக்கினார்.
போயிற்று.
கையை எடுத்தார், லீவரைத் தொட்டேன்,
டப்பென்று எழுந்து நின்றது.
பதினொரு முறை செய்து பார்த்தார்.
குட்நைட்டெல்லாம் சொல்லவில்லை.
வாக்குவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
முந்திரிக் காட்டைத் தாண்டி மண் பிளந்து சரிகிற இடம்.
கட்டைவிரல்.
எனக்குக் கீழே இருந்தது விலகிப் போயிற்று.
முழங்காலுக்கு இடம் கிடைத்தது, இடுப்புக்குக் காற்று கிடைத்தது,
முன்சக்கரத்துக்கு அப்பால் பின்னால் தொங்கி
பயந்துகொண்டே, விடாமல் இறங்கினேன்.
உள்ளே கேபிள் தட்டிக்கொண்டே வந்தது.
டக். டக். டக்டக்.

செவ்வாய் இரவு ட்யூட்டி முடிந்து வந்தால்
படிச்சுவரில் நாலாவது சீட்டு.
தேதி. கையெழுத்து.
"சைக்கிளை மேலேற்றும்போது
உள்ளே ஏதோ தட்டுகிறது.
உடன் கவனிக்கவும்."