கீழ் வலது மூலை

வேட்பாளர் பட்டியல் மாலை ஆறரைக்கு வந்தது.
ஏழு மணிக்குள் ஜானி ஜான் கான் சாலையில்
என் கடை வாசலில் பதினோரு பைக்.
தலைவர் எட்டடி,
மாவட்டம் நாலடி,
வேட்பாளர் ஆளுயரம், வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை.
தலைப்பில் 'மதச்சார்பின்மை காக்க'.
கொடுத்த அகலத்துக்குள் அடங்காத சொல் அது,
எப்போதும் எழுத்தைக் குறுக்கித்தான் போடுவேன்.
கீழே வலது மூலையில்
தபால்தலை தபால்தலையாக ஒரு வரிசை.
அதில் நாலாவது, பாய்.

எல்லோருக்கும் அவர் பாய்.
முழுப்பெயரைப் பிழையில்லாமல் அறிந்தவன்
தட்டச்சு செய்கிற நான்தான்:
முனவ்வர் ஷெரீப்.
ஒருமுறை வேறு கடையில் கொடுத்து
'முன்னவர் ஷெரீப்' என்று
ஐஸ்ஹவுஸ் முனையில் மூன்று வாரம் தொங்கியது.
"பரவால்ல, மரியாதையாத்தான் இருக்கு" என்றார்.

அவர் படம் என்னிடம் இரண்டு.
தொப்பியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.
நோன்பு திறப்பு பேனருக்கு முதலாவது.
அந்த ஒரு மாதம் மட்டும்
கஞ்சிக் கோப்பையோடு தலைவர் பக்கத்தில்
மூன்றடி வளர்ந்து நிற்பார்.
தேர்தலென்றால்
"இது எந்தத் தெருவுக்குப் போகுது?" என்று
வட்டச் செயலாளர் கேட்பார்.
பதில் தெரிந்த பிறகுதான் தொப்பி.

மூன்றாவது படம் ஒன்றும் இருக்கிறது.
மூன்று தேர்தலாக,
பட்டியலுக்கு முந்தின வாரம்,
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருவார்.
"சும்மா ஒண்ணு போட்டுப் பாரேன்."
ஆளுயரம். நடுவில்.
கும்பிடுவதா, கையை நெஞ்சில் வைப்பதா
என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறோம்.
பழைய கோப்பைத் திறந்து வருடத்தை மாற்றுவேன்,
தாடியில் கொஞ்சம் வெள்ளை சேர்ப்பேன்.
திரையைப் பார்த்தபடி டீயைக் குடித்து முடிப்பார்.
"சரி, மூடு."

ஐப்பசி மழையில் எங்கள் சந்தில்
இடுப்பளவு தண்ணீர் நின்ற இரவு
பம்புசெட்டோடு வந்தவர் அவர்தான்.
ஆனாலும் அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம்
என் வாய் கேட்டது: "ஜெயிச்சிடுவீங்களா பாய்?"
வேறு எவரையும் நான் அப்படிக் கேட்டதில்லை,
மூன்று முறை டெபாசிட் இழந்த செல்வநாதனைக்கூட.

இந்த முறை போனை ஸ்பீக்கரில் வைத்தார்.
"உங்க ஓட்டு எங்க போயிடப் போகுது பாய்?
உங்கள நிறுத்துனா அந்தப் பக்கம் ஒண்ணு சேந்துருவாங்க.
நாடு இருக்கிற இருப்புல
இப்ப ரிஸ்க் எடுக்க முடியாது, புரிஞ்சுக்குங்க."
புரிந்துகொண்டார்.
இருபத்தாறு வருடமாக
கட்சியில் அவருக்குக் கொடுத்த பொறுப்பு அதுதான்.

அந்தப் பக்கத்துப் பேனரும்
இதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது.
'விழித்தெழு' என்று தொடங்கும், யாரிடமிருந்து என்று சொல்லாது.
சதுர அடி பதினெட்டு ரூபாய், அவர்களுக்கும்.
காவிக்கும் மஞ்சள் வேண்டும்,
பச்சைக்கும் மஞ்சள் வேண்டும்.
தேர்தல் மாதத்தில் முதலில் தீர்வது மஞ்சள் மைதான்.

ஒன்பது மணிக்கு பாய் நாற்பது பேனருக்கு முன்பணம் தந்தார்.
பூத் வேலை அவர் பொறுப்பு, பூங்கொத்தும் அவர் பொறுப்பு.
கிளம்பினவர் வாசலில் நின்று
"எல்லாத்துலயும் தொப்பி வெச்ச படமே போடு" என்றார்.
"எல்லாத் தெருவுக்குமா?"
அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

போட்டேன்.
அந்த அளவில் தொப்பி ஒரு வெள்ளைப் புள்ளி,
மை படாமல் விட்டுப்போன இடம் என்று நினைப்பார்கள்.
அதனால் அரை அங்குலம் பெரிதாக்கினேன்.
பக்கத்துக் கட்டத்து வட்டச் செயலாளருக்கு
இடது காது வெட்டுப்பட்டுவிட்டது.
காலையில் சத்தம் போட வருவார்.
வரட்டும்,
நாற்பதும் ஓடி முடிந்திருக்கும்.