முழு இரும்பு

எண்ணெய்த்துணி விரித்து மேசையில்
இரண்டு ஆக்‌ஷன்களை வைத்தான் ரொட்னி.
ஒன்றின் அடியில் ரவைக்கூட்டுக்கு வாய் வெட்டியிருந்தது.
மற்றது வெட்டே விழாத முழு இரும்பு;
ஒவ்வொன்றாய்க் கையால்தான் ஊட்ட வேண்டும்.

போல்ட்டைத் தள்ளி மடித்தேன்.
பண்டாரவளையில் எங்கள் வங்கிப் பெட்டகம்கூட
இவ்வளவு அடக்கமாய்ப் பூட்டாது.

‘எந்த ரவை?’

ஆறரை மில்லிமீற்றர், நாக்கு நுனிவரை வந்தது.
மெலிந்து நீண்ட சன்னம்,
காற்றுக்கு லேசில் மசியாது.
ஆனால் குழல் சீக்கிரம் தேயும்;
புதுக் குழலுக்குப் புதுக் கோப்பு,
அமைச்சு வாசலுக்கு மறுபடி இரவு ரயில்.

முந்நூற்றெட்டு என்றேன்.

கச்சான் அதை இன்னும் ஒரு சாண் தள்ளும்.
தெரியும்.
தியத்தலாவையில் எனக்கும் இலக்குக்கும் நடுவே ஒரு பள்ளம்:
இங்கே கொடி தூங்கும்,
அங்கே யூக்கலிப்டஸ் நுனி மட்டும் பேயாடும்.
போன வருஷம் கொடியை நம்பினேன்.
வட்டத்துக்கு வெளியே,
வெறும் வெள்ளைத் தாளில் ஓர் ஓட்டை.

முழு இரும்பைக் கையில் எடுத்தேன்.
‘இதில் அவசரப்பட ஏலாது, மிஸ்,’
குறை சொல்வதுபோல் சொன்னான்.

அதையே கட்டச் சொல்லி
முற்பணத்தை இரண்டு தடவை எண்ணி வைத்தேன்.
வங்கிப் பழக்கம்.