நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்
அந்தச் சின்ன டாக்டர்.
அமுலுவின் மேற்கை எலும்பு
நடுவில் ஒடிந்து
முருங்கைக் கிளை மாதிரி சாய்ந்திருந்தது.

"எலும்பு சேர்ந்துடும். விஷயம் அது இல்ல."

எலும்பின் முதுகில் சாய்வாக ஒரு பள்ளம்.
ஏலகிரிப் பாதை போல
அதைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது ஒரு நரம்பு.
ஒடிந்த விளிம்பு அதை நசுக்கிவிட்டது.

முன்பக்கத்து இருதலைத் தசைக்கு ஒன்றுமில்லை,
முழங்கை மடங்கும்.
பின்பக்கத்து முத்தலைத் தசைக்குப் போகும் கிளைகள்
மேலேயே பிரிந்துவிட்டதால் அதுவும் பிழைத்தது,
கதவைத் தள்ளுவாள், கோபம் வந்தால் என்னையும்.
மணிக்கட்டுதான்
தண்ணீர் காட்டாத கீரைக்கட்டு,
தலை தொங்கிப் போச்சு.

பீடி இலையைப் பிடிக்க விரல் மடங்குகிறது.
பிடித்ததை விட
விரியமாட்டேன் என்கிறது.

நரம்பு திரும்ப வளருமாம்,
நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
மகளின் ஸ்கேலை வாங்கி
ஒடிந்த இடத்திலிருந்து கட்டைவிரல் வரை அளந்தேன்.
நானூற்று இருபது.
"அப்ப அடுத்த வருஷ கெங்கையம்மன் சிரசு" என்றாள்,
குடியாத்தத்துக்காரி.

ராத்திரி ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து
அவள் புயத்தை விரல் நுனியால் தட்டுவேன்.
இங்க?
ம்ஹூம்.
இங்க?
இல்ல.
இங்க?
ஜிவ்வுங்குது.
அதுவரை வந்திருக்கிறது.
பேனாவால் ஒரு கோடு,
குளித்தால் அழியும் என்பதால்
காலண்டரில் ஒரு எண்.

நடுவில் ஒன்பது நாள் அது நகரவே இல்லை.
எனக்குச் சோறு இறங்கவில்லை.
"இந்த வெயில்ல அதுவும் எங்கியாவது
படுத்துட்டு இருக்கும்" என்றாள்.

நேற்று முழங்கையைத் தாண்டிவிட்டது.

டாக்டரிடம் ஒன்று சொல்லவில்லை.
அமுலுவும் சொல்லவில்லை.
பள்ளிகொண்டா வளைவில்
பின்சீட்டிலிருந்து உள்ளங்கையை உயர்த்தினாள்.
கண்ணாடியில் பார்த்தேன்.
முன்னால் போன ஆட்டோவை முந்தினால்
மூன்று சவாரி கிடைக்கும்.

மணிக்கட்டை நிமிர்த்தாமல்
கையால் யாரும் நிறுத்து என்று சொல்ல முடியாது.
அதற்கென்று ஒரு தசை, ஒரு நரம்பு இருப்பதெல்லாம்
அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கண்ணாடியைக்
கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கிறேன்.
கட்டுப்போடப் போகும்போதும் வரும்போதும்
மடியில் கிடக்கும் கை தெரியும்.

இன்றைக்கு சத்துவாச்சாரி தாண்டும்போது
அது அசைந்த மாதிரி இருந்தது.
ரோடு குலுக்கியதாகவும் இருக்கலாம்.
வண்டியை நிறுத்திவிட்டேன்.